சூசையின் மூச்சு

பஸ் கோத்தகிரி நிலையத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து இன்னாசியின் காது மடியிலேயே இருந்தது. மடியில் வயர்கூடை. கூடைக்கு மேல் மனைவி பிலோமினாவின் பழைய கம்பளிச் சால்வை, அதற்குக் கீழே துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில், பாட்டிலை ஒட்டி ஆமை. பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கிடக்கிற யாருக்கோ சாப்பாடு கொண்டுபோகிற மாதிரி இருக்கும். இருக்கட்டும், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். எஞ்சின் இரைச்சல் கொஞ்சம் தணியும்போதெல்லாம் அந்த மூச்சு கேட்டது. பஞ்சரான சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் ஒரு குமிழ் வந்து, வளர்ந்து, உடையுமே, அப்படி ஒரு சத்தம். உடைந்தபின் ஒரு மெல்லிய விசில். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆமை எப்போதுமே நிதானமாகத்தான் மூச்சு விடும், நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தான், ஆனால் அப்போது யார் அதன் மூச்சைக் கேட்டார்கள்? சத்தம் போடாத பிராணி என்பதால்தானே பிலோமினா அதற்கு சூசை என்று பெயர் வைத்தாள், வேதப் புஸ்தகம் முழுக்கத் தேடினாலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை என்று சொல்லி. பேசாத சூசை இப்போது விசிலடிக்கிறான். கழுத்தை முழுக்க நீட்டி, வாயைப் பிளந்து, காற்றை எட்டிப் பிடிக்கிறவன் மாதிரி. நேற்று பிலோமினா அதைப் பார்த்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மேட்டுப்பாளையத்தில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம், காலையில் முதல் பஸ்ஸில் போகலாம் என்றாள். போகலாமா என்று அவள் கேட்கவில்லை. இதோ சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி இடுக்கில் வருகிற பனிக்காற்றைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டு, ஒரு கையைக் கூடைமேல் வைத்திருக்கிறாள். அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இன்னாசி அந்த விரல்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொல்லிவிடலாம். முதல் கொண்டை ஊசி வளைவு வரட்டும், சொல்லிவிடலாம். வளைவு வந்தது, பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கூடை நழுவாமல் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள், அவளுடைய சில்லென்ற கை அவர் கைமேல் பட்டது, வளைவு போய்விட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஆரம்பம் என்று பார்த்தால் சாயல்குடிப் பக்கத்துப் பொட்டலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், புதிதாக மின்கம்பி இழுக்கச் சீமைக்கருவேலங்காட்டை எந்திரம் விட்டுத் தள்ளிய அன்றிலிருந்து. வேருக்கடியில் புரண்டு கிடந்தது, உள்ளங்கை அகலம்கூட இல்லை, ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரக் கோடு. தலையில் போட்டிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அதில் எடுத்து வைத்துக்கொண்டார். அங்கேயே இன்னும் தள்ளிப் புதருக்குள் விட்டிருக்கலாம். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத உயிர் என்று அன்றைக்கே உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள், சட்டப்படி தப்பு, வனத்துறைக்காரன் பார்த்தால் உள்ளே வைத்துவிடுவான் என்று. ஆனால் பிலோமினா அதைக் கையில் வாங்கியபோது அவள் முகம் இருந்த இருப்பு! அந்த முகத்துக்காகத்தான் திருப்பி விடாமல் வைத்துக்கொண்டது. அங்கே வெயில் இருந்தது, வெயிலுக்கு என்ன குறை, முற்றத்துச் சிமெண்டுத் தரை மத்தியானம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், சூசை காலையிலேயே வந்து நான்கு காலையும் பரப்பிக் கிடப்பான், சூடு ஏறியதும் நிழலுக்குப் போவான், கீரையும் கற்றாழைப் பூவும் தின்பான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு நாள்கூட அவனுக்கு மூக்கு ஒழுகவில்லை. வெயில் பிடிக்காமல் போனது இன்னாசிக்குத்தான். மின்கம்பத்தில் ஏறி இறங்கியே கழிந்த வாழ்க்கை, இரும்பு சுடும், கம்பி சுடும், இடுப்புக் கயிறு சுடும், பிடரித் தோல் உரிந்து உரிந்து கறுத்துத் தடித்துவிட்டது. ஓய்வு பெற்றதும் குளிர்ந்த ஊரில் போய் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் தனக்கென்று கேட்டது. அது பெரிய ஆசையா என்ன? பிலோமினா மறுப்புச் சொல்லவில்லை. அவள் மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டையில் அவர் தோற்றுக்கூட இருக்கலாம். சாமானைக் கட்டும்போது ஒன்றே ஒன்று கேட்டாள், சூசைக்கு அங்கே ஒத்துக்கொள்ளுமா என்று. அதற்கென்ன, ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டால் அவனுக்கு ஒரு சூரியன், நான் எதற்கு இருக்கிறேன் என்றார். எவ்வளவு சுளுவாகச் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே.

பல்பு. எண்ணம் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அந்தப் பல்பில் வந்துதான் முட்டிக்கொண்டது. கோத்தகிரிக்கு வந்த புதிதில் நன்றாகத்தான் கட்டினார், பழைய மரப்பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே நூறு வாட்ஸ் குண்டு பல்பு, சூடு சிதறாமல் இருக்கத் தகரத்தை வளைத்து ஒரு குடை. சூசை அதன் கீழே போய்க் கழுத்தை நீட்டிப் படுத்துக்கொள்வான். பிலோமினாவும் குளிர் தாங்காதபோது பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையைக் காட்டிக்கொள்வாள், இரண்டு பேரும் அந்தச் சின்னச் சூரியனைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்து அவர் கேலி செய்ததுண்டு. பிறகு மழைக்காலம் வந்தது, சுவரெல்லாம் ஈரம், துவைத்த துணி காயாத ஊர், ஒரு சாயங்காலம் பல்பு போய்விட்டது. கடைவீதிக்கு இறங்கிப் போனார். குண்டு பல்பா, அதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறாங்க என்றான் கடைக்காரன், குன்னூரில் கேட்டுப் பாருங்கள் என்றான். திரும்பி ஏறும்போது மழை வலுத்தது. வீட்டில் வராந்தாவுக்கென்று வாங்கி வைத்த எல்இடி பல்பு ஒன்று இருந்தது, மஞ்சள் வெளிச்சம். அதைப் போட்டார். அன்றைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றுதான் போட்டார், மாதாமேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தார். அது வெளிச்சம்தான் தரும், சூடு தராது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கரண்டிலேயே புரண்டு எழுந்த இன்னாசிக்குத் தெரியாதா? நாளைக்குக் குன்னூர் போகலாம் என்று இருந்தார். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் முழங்கால் வலி. அப்புறம் வெயில் வந்தது, தோட்டத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், காப்பி குடித்தார், அவருக்குப் பிடித்த குளிர். ஒரு நாள் பிலோமினா பல்புக்குக் கீழே கையை நீட்டி வைத்திருந்துவிட்டுச் சொன்னாள், சூடே தெரியலையே என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் தானாக வேறு ஒன்றைச் சொன்னது. ஒனக்குக் கை மரத்துப்போச்சு, குளிர்ல அப்படித்தான் இருக்கும் என்றது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் அந்த முக்காலியில் உட்காரவில்லை. அவர் கண்ணில் இப்போது நிற்பது சூசை அல்ல, அவள் கையைத் திருப்பிப் பார்த்ததுதான். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் சூசையின் மூக்கில் ஒரு குமிழைப் பார்த்தார், கண்ணாடி மாதிரி, சின்னது. பார்த்த உடனே தோள்துண்டின் நுனியால் துடைத்துவிட்டார். அவள் அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று ஏதோ ஒன்று உள்ளே கணக்குப் போட்டது, துடைக்கிற கை அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. சளிதானே. மனுஷனுக்கு வருவதில்லையா, போவதில்லையா.

“குளிப்பாட்டினதுதான் தப்பு” என்றாள் பிலோமினா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று முழங்கையை வைத்துப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினேன், ஆனாலும் துடைக்க நேரமாகிவிட்டது, அதில்தான் பிடித்திருக்கும் என்றாள். பஸ் இன்னொரு வளைவு திரும்பியதும், முட்டைக்கோஸ் போட்டிருக்கக் கூடாது, அது குளிர்ச்சி என்றாள்.  பிறகு, என் கைதான் சொரணை கெட்டுப் போச்சே, நான் எதை வெதுவெதுப்பு என்று நினைத்து ஊற்றினேனோ என்றாள்.   இந்தப் பெண்பிள்ளை தன் கையை நம்பாமல் முழங்கையை வைத்துத் தண்ணீர் பார்த்திருக்கிறாள், தன் கை பொய் சொல்லும் என்று நினைத்திருக்கிறாள். சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும், திட்டுவாள், திட்டட்டும். ஆனால் அவளுக்குத் திட்டத் தெரியாது. பேசாமல் இருப்பாள். சூசைகூட இப்போது சத்தம் போடுகிறான், அவள் போடமாட்டாள். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் வேண்டாம், இறங்கியபின் சொல்லலாம், மருந்து வாங்கியபின் சொல்லலாம், அவன் பிழைத்தபின் சொன்னால் அவளுக்கும் அவ்வளவாக வலிக்காது. பிழைக்காவிட்டால்? பிழைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம், எதற்கு அவளை இரண்டு முறை அடிக்க வேண்டும். இந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது, ஏனென்றால் அதற்குள் எங்கோ ஒரு மூலையில், செத்துப்போனால் விஷயம் முடிந்துவிடும் என்கிற ஒரு நிம்மதியும் உட்கார்ந்திருந்தது. கூடைக்குள் விசில். ஆண்டவரே, அப்படி நினைக்கவில்லை. நினைத்தேன், ஆனால் அப்படி நினைக்கவில்லை. குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது அவர் நினைத்துக்கொண்டிருந்த எல்லாம் ஒரே பயமாகக் குறுகியது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஏறி, ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார், மேலே சாக்குப்பைகளைத் தட்டினார், அவர்கள் பக்கத்தில் வந்து நின்று கூடையைப் பார்த்தார். எஞ்சின் அணைந்திருந்தது. மூச்சு வருகிற நேரம் இதுதான் என்று இன்னாசிக்குத் தெரிந்தது, வழி நெடுக அந்த இடைவெளியைக் கேட்டுக் கேட்டுப் பழகிப் போயிருந்தது. வந்தது. குமிழ், விசில். பிலோமினா உடனே குனிந்து இருமத் தொடங்கினாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, விட்டு விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் இருமினாள். காக்கிச் சட்டைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். ஆமாம் என்றார் இன்னாசி. பார்த்துக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லி அவர் இறங்கிவிட்டார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்திருக்கமாட்டாள் அவள்.

கீழே இறங்க இறங்க வெக்கை ஏறியது. பாக்குத் தோப்பு வந்ததும் சன்னலைத் திறந்தார்கள், பாலம் தாண்டியதும் அவர் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. சால்வையை விலக்கிப் பிலோமினா கூடைக்குள் வெயில் விழும்படி செய்தாள். சூசை கண்ணைத் திறந்தான். ஒட்டிக்கொண்டிருந்த இமைகளில் ஒன்று மட்டும் பிரிந்தது. அந்த ஒரு கண் இன்னாசியைப் பார்த்ததா, வெயிலைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. டாக்டர் நசீமாவின் மருத்துவமனை பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் மாடியில் இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், முக்காட்டை இறுகச் சுற்றியிருந்தார், கூடையைத் திறந்ததும் ஒரு கணம் அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது, ஆனால் முதலில் அதைப் பேசவில்லை. கையைச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து சூசையைத் தூக்கினார், அடிப்பக்கம் பார்த்தார், இது பெண்ணுங்க என்றார். இத்தனை வருஷமும் தெரியாமல் போன அந்த விஷயத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துப் பார்த்தார், வாயை மெல்லத் திறந்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார், முன்னங்கால் பக்கத்துக் குழியில் குழாயை வைத்துக் கேட்டார், அடுத்த அறைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார், ஓட்டின் கூரைக்கு அடியிலேயே இரண்டு நுரையீரலும், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் வெள்ளையாகப் பனி இறங்கியிருந்தது. இதுகளுக்கு இருமத் தெரியாதுங்க என்றார் டாக்டர். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சவ்வு கிடையாது, சளி சேர்ந்தால் வெளியே தள்ள வழியில்லை, அதனால் மூக்கில் முதல் குமிழ் வரும்போதே கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டார். நேற்றுத்தான் என்றாள் பிலோமினா. இன்னாசியின் தோளில் அந்தத் துண்டு கிடந்தது. எத்தனையோ தடவை துவைத்தாயிற்று. டாக்டர் கேட்டுக்கொண்டே போனார், என்ன தின்றது, எப்போதிலிருந்து தின்னவில்லை, எந்த ஊர், தரை ஈரமா, சூட்டுக்கு என்ன செய்திருந்தீர்கள். பிலோமினா சொன்னாள், பகலும் ராத்திரியும் பல்பு எரியும்ங்க, இவரே கட்டிக் கொடுத்தது, கரண்ட் ஆபீஸ்ல இருந்தவரு. அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அவரை அடித்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அப்படியா என்று யோசித்தார். சூடு சரியாக இருந்தும் இந்த அளவுக்குச் சளி ஏறியிருக்கிறது என்றால் இது வெறும் குளிரால் வந்ததாக இருக்காது, ஒருவேளை மருந்துக்கு அடங்காத வேறு தொற்று, மயக்கம் கொடுத்து நுரையீரலைக் கழுவி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இவ்வளவு சோர்ந்த உடம்புக்கு மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, நீங்கள் இரண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பிலோமினா சூசையின் ஓட்டில் கை வைத்தாள். யோசிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை, வேறு வழி இல்லையென்றால் செய்யுங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.  இன்னாசி மின்கம்பத்தில் ஏறும்போது கீழே லைன் ஆஃப் பண்ணியாச்சா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்வார், பண்ணியாச்சு என்று யாராவது பொய் சொல்லியிருந்தால் அவர் இன்று இல்லை. கீழே நின்று பொய் சொல்கிறவனின் இடத்தில் இப்போது அவர் நின்றுகொண்டிருந்தார், மேலே ஏறப் போவது பேசத் தெரியாத ஒன்று.

“டாக்டரம்மா, அது எல்இடி பல்பு” என்றார்.

டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. பேனாவை எடுத்து எதையோ அடித்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார், மழை தொடங்கியதிலிருந்து என்றார் இன்னாசி. மூக்கில் குமிழ் வந்ததையும் சொன்னார், துண்டால் துடைத்ததையும் சொன்னார், ஒன்றைச் சொன்னபின் மற்றதெல்லாம் தானாக வந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. அப்படியென்றால் மயக்கம் வேண்டாம், நல்ல சூட்டில் வைத்து ஊசி போட்டால் தேறிவிட வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர், தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. பிலோமினா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது. எரிஞ்சுச்சே, நான் பார்த்தேனே என்றாள். அது எரியும், சூடு வராது பிலோமி, வெளிச்சம் மட்டும்தான் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தன் வலது கையை மேசையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையை விரித்து, சன்னல் வழியாக விழுந்த வெயிலில் நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“அப்ப என் கைக்கு ஒண்ணும் ஆகலை” என்றாள்.

அவர் ஆமாம் என்றார். சொன்னாரா, தலையை மட்டும் ஆட்டினாரா என்று பிற்பாடு அவருக்கு நினைவில்லை. டாக்டர் அடுத்ததைப் பேசினார், பேசித்தானே ஆக வேண்டும். இது வீட்டில் வைத்திருக்கக் கூடாத உயிர், வைத்தியம் பார்ப்பது என் வேலை, பார்க்கிறேன், ஆனால் வனத்துறைக்கு இன்றைக்கே சொல்லிவிடுவேன், சிகிச்சை முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுப் பார்க்கிறேன், தேறியபின் அவர்கள்தான் கொண்டுபோவார்கள். இத்தனை வருஷம் பயந்த விஷயம் இவ்வளவு சாதாரணமாக வந்து நின்றது. மேலே கோத்தகிரிக்கு இனி அழைத்துப் போக முடியாது. மேலே என்ன, எங்குமே முடியாது. பிலோமினா அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டாள், தினமும் வந்து கீரை கொடுக்கலாமா என்று. கொடுக்கலாம் என்றதும், காரமடையில் என் தங்கச்சி மக இருக்கா, நான் அங்க இருந்துக்கறேன் என்றாள். நான் என்றாள். இன்னாசி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதற்குப் பக்கத்தில் வேறு ஏதாவது வருமா என்று காத்திருந்தார். கோத்தகிரி வீட்டின் சாவி அவர் சட்டைப்பையில் கனத்தது. அந்த வீட்டில் ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு அறையில் கேட்கும், அவ்வளவு சின்ன வீடு. அங்கே தனியாக ஒரு மனுஷன் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை நினைத்துப் பார்த்தார். குளிர்ந்த காற்று, அவருக்குப் பிடித்த காற்று.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். முன்னங்காலில்தான் போட வேண்டும், பின்னங்காலில் போட்டால் மருந்து நேராகச் சிறுநீரகத்துக்குப் போய்விடும், யாராவது காலை வெளியே இழுத்துப் பிடியுங்கள் என்றார். பிலோமினா கை நீட்டவில்லை. அவள் சற்றே நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். இன்னாசி குனிந்து, ஓட்டுக்குள் ஒடுங்கியிருந்த அந்தக் காலை இரண்டு விரலால் தேடிப் பிடித்தார். செதில் செதிலாக, வறண்டு, எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவனை, அவளை, ஓட்டைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாரே தவிர இப்படிக் காலைப் பிடித்ததில்லை. மெல்ல இழுத்தார். கால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார், அது உள்ளேயிருந்து திருப்பி இழுத்தது, பிடிவாதமாக, நடுங்கிக்கொண்டு, உடம்பில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு காலில் சேர்த்துக்கொண்டு. இழுக்கிற பலம் இருக்கே, அது நல்லதுங்க என்றார் டாக்டர். வலிக்குமே என்று இன்னாசியின் விரல்கள் தளர்ந்தன.

“விடாதீங்க” என்றாள் பிலோமினா. “பிடிங்க.”

பிடித்தார்.